வல்லூறு திரும்பிய வசந்தம்

சில ஆண்டுகளுக்கு முன்னர் மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு சிகிரியாக் குன்றுக்குச் சென்றிருந்தேன். சிங்கப் பாதங்களின் அருகே மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது, செங்குத்தான பாறை முகத்திலிருந்து கரும்புள்ளி போன்ற ஏதோ ஒன்று பிரிந்து கீழ்நோக்கிப் பாய்ந்தது. கல் விழுகின்றது என்றே முதலில் அஞ்சினேன். விழுந்த கல் இடைவழியிலே சிறகு விரித்து மேலெழுந்து வட்டமிட்டு, மீண்டும் பாறையிடுக்கு ஒன்றிற் போய் அமர்ந்தது. அது வல்லூறு. பைரி என்றும் பொரி வல்லூறு என்றும் நூல்கள் குறிக்கும் வேட்டைப் பறவையின் நம் நாட்டு இனம். இரையை நோக்கிப் பாயும்போது மணிக்கு 300 கிலோமீற்றரினும் மிக்க வேகங் கொள்ளும் அப்பறவைக்கு ஈடாக விரையும் உயிர் உலகில் வேறில்லை. காசியப்பனின் கோட்டை அழிந்தொழிந்த பின்னரும் அக்குன்றைத் தன் கோட்டையாகக் கொண்டு அது வாழ்கின்றது.

இப்பறவை அழிந்துவருகின்றதா என்று மாணவி ஒருத்தி வினவினாள். நம் நாட்டில் என்றுமே இஃது அரிய பறவைதான் என்று விடை கூறினேன். கூறும்போதே, ஒரு பெருந்தேசத்தின் கிழக்குப் பாதியிலிருந்து இவ்வினம் முற்றாக மறைந்துபோன கதையும், பின்னர் மாநகரங்களின் உயர்ந்த மாடிகளிலே மீண்டும் குடியேறிய கதையும் நினைவுக்கு வந்தன. அவ்விரு கதைகளுக்கும் நடுவே ஒரு பெண்மணி நிற்கின்றார். றேச்சல் கார்சன் என்பது அவர் பெயர். குன்றின் அடியிலே அன்று அரைகுறையாகச் சொன்ன அவர் சரிதையை இங்கு முறையாகச் சொல்ல விழைகின்றேன். அவரைப் பற்றி எழுதுவதில் எனக்கு நெடுங்காலம் ஒரு தயக்கம் இருந்தது. அத்தயக்கத்தையும் மறையாது சொல்வேன்.

றேச்சல் அம்மையார் 1907ஆம் ஆண்டு மே மாதம் 27ஆந் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், அலகெனி நதிக்கரையிலுள்ள ஸ்பிறிங்டேல் என்னுஞ் சிற்றூரிலே பிறந்தார். மூன்று பிள்ளைகளுள் அவரே இளையவர். செல்வக் குடும்பமன்று. தாயார் மரியா முன்னர் ஆசிரியையாகப் பணிபுரிந்தவர். வீட்டைச் சுற்றியிருந்த தோட்டத்திலும் காட்டோரத்திலும் மகளை அழைத்துச் சென்று, பறவைகளையும் பூக்களையும் பெயர் சொல்லி அறியுமாறு பழக்கினார். பதினொரு வயதிலேயே றேச்சலின் கதையொன்று சிறுவர் சஞ்சிகையிற் பிரசுரமாயிற்று. எழுத்தாளராவதே தன் பிறவிப் பயன் என்று அச்சிறுமி நம்பியதில் வியப்பில்லை.

பிற்ஸ்பேர்க் நகரிலிருந்த பெண்கள் கல்லூரி ஒன்றிலே ஆங்கில இலக்கியம் பயிலச் சேர்ந்தார். அங்கே மேரி ஸ்கிங்கர் என்னும் உயிரியல் ஆசிரியை ஒருவர் இருந்தார். நல்லாசிரியர் ஒருவர் ஒரு வாழ்வின் திசையையே மாற்றவல்லவர் என்பதற்கு அவர் சான்று. அவரது வகுப்பிலே அமர்ந்த றேச்சல் இலக்கியத்தை விட்டு உயிரியலுக்கு மாறினார். எழுத்தைத் தான் கைவிட்டதாக அப்பொழுது அவர் எண்ணினார் போலும். உண்மையில், எழுதுவதற்குரிய பொருளை அன்றுதான் அவர் பெற்றார். 1929ஆம் ஆண்டு பட்டம் பெற்று, அவ்வாண்டுக் கோடையிலே வூட்ஸ் ஹோல் கடலாராய்ச்சி நிலையத்துக்குச் சென்றபோதே வாழ்நாளில் முதன்முறையாகக் கடலைக் கண்டார். பின்னர் பால்ற்றிமோர் மாநகரிலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் சர்வகலாசாலையிற் பயின்று, 1932ஆம் ஆண்டு விலங்கியலில் முதுமாணிப் பட்டம் பெற்றார். பால்ற்றிமோர் என்னும் அப்பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றேன். இக்கதையின் முடிவில் அந்நகருக்கு நாம் மீள்வோம்.

அவர் கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்க விரும்பினார். வறுமை இடந்தரவில்லை. 1935இல் தந்தையார் காலமானார். தாயைக் காக்கும் பொறுப்புத் தலைமேல் விழவே, அரசாங்க மீன்பிடிப் பணியகத்துக்கு வானொலிச் சித்திரங்கள் எழுதிக் கொடுத்து ஊதியம் பெற்றார். மறுவருடம் அப்பணியகத்திலேயே உத்தியோகம் கிடைத்தது. 1937இல் தமக்கையார் இறந்தார். அவருடைய பெண்பிள்ளைகள் இருவரையும் றேச்சலும் தாயாருமே வளர்த்தனர். பகலெல்லாம் காரியாலயம், மாலையில் வீட்டுக் கடமை, இரவிலே எழுத்து என்று அவருடைய இளமை கழிந்தது. முதல் நூல் 1941இல் வெளிவந்தது. அடுத்த மாதமே அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியமையால் அந்நூலை வாங்குவார் இல்லாமற் போயினர். 1951இல் வெளிவந்த நம்மைச் சூழ்ந்த கடல் என்னும் நூலோ அவரை உலகறியச் செய்தது. 86 வாரங்கள் அது விற்பனை வரிசையில் முன்னின்றது. அடுத்த ஆண்டு தேசிய நூற்பரிசும் அதற்குக் கிட்டியது. அவ்வாண்டிலேயே உத்தியோகத்தை விடுத்து, எழுத்தையே தொழிலாகக் கொண்டார்.

கடலைப் பாடிய இப்பெண்மணி நஞ்சைப் பற்றி எழுத நேர்ந்தது எவ்வாறு? அதன் வித்து 1945இலேயே விழுந்துவிட்டது. அவ்வாண்டில் டி.டி.ரி. என்னும் பூச்சிக்கொல்லி யுத்த வீரரைக் காத்த அருமருந்து எனப் போற்றப்பட்டுப் பொதுச் சந்தைக்கு வந்தது. அதனாற் பிற உயிர்களுக்கு நேரக்கூடிய தீங்கு பற்றி எழுதலாமா என்று பிரபல சஞ்சிகை ஒன்றினை அவர் கேட்டார். அவர்கள் அதில் அக்கறை கொள்ளவில்லை. அதே ஆண்டு ஒக்டோபரில், பென்சில்வேனியாவிலுள்ள வல்லூற்று மலைக்கு அவர் சென்றார். இலையுதிர் காலத்திலே ஆயிரக்கணக்கான வேட்டைப் பறவைகள் அம்மலை வழியே தெற்கு நோக்கிச் செல்லும். முன்னாளில் வேட்டைக்காரர் அங்குக் கூடி அவற்றைச் சுட்டு வீழ்த்துவது வழக்கம். றோசலி எட்ஜ் என்னும் மூதாட்டி 1934இல் அம்மலையைத் தம் பொறுப்பில் எடுத்துச் சரணாலயமாக்கினார். சுடுவோர் நின்ற இடத்திலே எண்ணுவோர் நிற்கலாயினர். இன்று எத்தனை கழுகு, எத்தனை வல்லூறு, அவற்றுள் முதிர்ந்தவை எத்தனை, இளையவை எத்தனை என்று நாள்தோறுங் கணக்கெழுதினர். குளிர்காற்றிலே பாறைமீது அமர்ந்து அப்பறவைகளைப் பார்த்த றேச்சல் அம்மையாருக்கு, அக்கணக்கு ஒருநாள் தமக்குப் பெருந்துணையாகும் என்பது தெரிந்திருக்க நியாயமில்லை.

1958ஆம் ஆண்டு, மசாச்சுசெற்ஸ் மாநிலத்துத் தோழி ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. நுளம்பை ஒழிப்பதற்கென விமானம் தெளித்த மருந்தினால் தன் வளவிலே பறவைகள் செத்து வீழ்ந்ததை அவர் எழுதியிருந்தார். பதின்மூன்று ஆண்டுகளாக உறங்கிக் கிடந்த வித்து அன்று முளைத்தது. நான்காண்டுகள் அவர் சான்று திரட்டினார். அந்நாட்களில் அவர்பட்ட துன்பம் சொல்லுந் தரமன்று. முந்திய வருடத்தில் மருமகள் ஒருத்தி இறக்க, அவளது ஐந்து வயது மகனைத் தன் பிள்ளையாக ஏற்றிருந்தார். அவ்வாண்டு முடிவிலே தாயார் மறைந்தார். 1960இல் தமக்கே மார்பிற் புற்றுநோய் கண்டது. சத்திரசிகிச்சைக்கும் கதிர்ச்சிகிச்சைக்கும் இடையே நூலை எழுதி முடித்தார்.

வல்லூற்று மலையின் கணக்கு அந்நூலிலே தன் வேலையைச் செய்தது. 1935 முதல் 1939 வரை அம்மலையைக் கடந்த வெண்தலைக் கழுகுகளில் நூற்றுக்கு நாற்பது இளம் பறவைகள். 1955 முதல் 1959 வரை நூற்றுக்கு இருபதே இளையவை. கழுகுகள் பறந்துகொண்டுதான் இருந்தன. குஞ்சுகளே குறைந்தன. முதியோர் மட்டுமே நடமாடும் ஊருக்கு எதிர்காலம் ஏது? எவருங் கொல்லாமலே ஓரினம் அழிந்துகொண்டிருந்தது என்பதை அவ்வெண்கள் அவருக்கு உணர்த்தின. காரணம் இன்னதென்று முற்றாக நிறுவப்படாத காலம் அது. ஆயினும் நஞ்சின்மீதே ஐயங்கொள்ளத் தக்க சான்றுகளை அவர் நிரல்பட வைத்தார்.

மௌன வசந்தம் என்னும் அந்நூல் 1962ஆம் ஆண்டு செப்ரெம்பரில் வெளிவந்தது. இரசாயனக் கம்பனிகள் கொதித்தெழுந்தன. கலாநிதிப் பட்டம் இல்லாதவர் என்றனர் சிலர். மணமாகாத பெண் என்பதையே குறையாகக் காட்டி நகைத்தனர் சிலர். அவரோ வசைக்கு வசை கூறவில்லை. சனாதிபதி கென்னடியின் விஞ்ஞான ஆலோசனைக் குழு இவ்விடயத்தை ஆராய்ந்து, 1963 மே மாதத்தில் வெளியிட்ட அறிக்கை அவருடைய எச்சரிக்கைக்குப் பெரிதும் அரணாயிற்று. ஜூன் மாதத்தில் செனற் சபைக் குழுவின் முன் அவர் சாட்சியமளித்தார். நோயின் கொடுமையை அவர் வெளியே சொல்லவில்லை. புற்றுநோயாளி ஆதலால் மருந்துகள்மீது காழ்ப்புற்றார் என்று எதிரிகள் திரிக்கக்கூடும் என எண்ணினார். 1964ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆந் திகதி, ஐம்பத்தாறாம் வயதிலே, மேரிலாந்தில் அவர் உயிர் பிரிந்தது.

அவர் இறந்த அவ்வாண்டில், அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வல்லூறுகள் வழிவழியாக முட்டையிட்டுவந்த 133 பாறை விளிம்புகளை ஆய்வாளர்கள் சென்று பார்த்தனர். ஒன்றிலேனும் ஒரு வல்லூறு இல்லை. அவருடைய எச்சரிக்கை மெய்யாயிற்று என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுமோ? அதனைக் காண அவர் இல்லை.

காரணத்தை இங்கிலாந்திலிருந்து ஒருவர் கண்டுபிடித்தார். டெறெக் றாற்கிளிஃப் என்னும் அவ்விஞ்ஞானி, முட்டை சேகரிப்போரின் பேழைகளிலும் நூதனசாலைகளிலும் இருந்த வல்லூற்று முட்டைகளை நிறுத்துப் பார்த்தார். 1940களின் பிற்பகுதி தொடக்கம் முட்டையோட்டின் நிறை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்ததை 1967இல் வெளியிட்டார். வயலில் தெளித்த மருந்து பூச்சியிற் சேர்கின்றது. பூச்சியைத் தின்ற சிறு பறவையின் கொழுப்பிலே அது தேங்குகின்றது. சிறு பறவைகள் பலவற்றைத் தின்ற வல்லூற்றின் உடலிலே பன்மடங்காகப் பெருகி, முட்டையோட்டிற் சுண்ணம் படிவதைத் தடுக்கின்றது. அடைகாக்க அமர்ந்த தாயின் உடற்பாரமே முட்டையை நொறுக்கிவிடுகின்றது. பிள்ளையை அணைத்த கையே அதனைக் கொன்ற கதை இது.

1972ஆம் ஆண்டு அமெரிக்க அரசு டி.டி.ரி.யைப் பயிர்களுக்குத் தெளிப்பதைத் தடைசெய்தது. நஞ்சு நின்றது. ஆனால் வெறுமையான பாறைக்குப் பறவை தானாக வருமா? அங்கேதான் மனிதர் கை கொடுக்க வேண்டியிருந்தது. கோர்ணெல் சர்வகலாசாலைப் பேராசிரியர் ரொம் கேட் என்பவர் 1970இல் வல்லூற்று நிதியம் என்னும் அமைப்பைத் தோழர்களுடன் நிறுவியிருந்தார். இளமையிலிருந்தே வல்லூறு பழக்கும் கலையில் தேர்ந்தவர் அவர். கூண்டிலே வல்லூறுகளை இனம்பெருக்கி, 1973இல் இருபது குஞ்சுகளை வளர்த்தெடுத்தார். அவற்றை வெளியே விட, பண்டைய வல்லூற்று வேட்டைக்காரரின் முறையொன்றையே கைக்கொண்டார். ஐந்தாறு வாரக் குஞ்சுகளை உயரமான இடமொன்றிலே கம்பிமுகப்புள்ள பெட்டியில் வைப்பர். மனித முகம் தெரியாதவாறு குழாய் வழியே இரையை இடுவர். சிறகு முதிர்ந்ததும் பெட்டியைத் திறப்பர். தாமே வேட்டையாடத் தேறும்வரை சில வாரங்கள் அங்கேயே உணவு வைப்பர். பின்னர் அவை தம் வழியே செல்லும்.

பழைய பாறைகளிலே விடப்பட்ட குஞ்சுகள் பலவற்றை இரவிலே கொம்பு ஆந்தைகள் கொன்றன. காக்கும் பெற்றோர் இல்லாத குஞ்சுகள் அல்லவா? எனவே ஆந்தை அணுகாத இடங்களைத் தேடினர். சதுப்பு நிலத்துக் கோபுரங்களிலும், நகரங்களின் வானளாவிய கட்டடங்களிலும் பெட்டிகள் ஏறின. வல்லூற்றின் கண்ணுக்கு முப்பது மாடிக் கட்டடமும் ஒரு செங்குத்துப் பாறையே. தெருவெங்கும் புறாக்கள் இருத்தலால் இரைக்கும் பஞ்சமில்லை. ஆயினும் நகரம் தாயகமாவது எளிதன்று. கண்ணாடிச் சுவரிலே மோதி மாண்ட குஞ்சுகள் உண்டு. முதற் பறப்பிலே தெருவில் விழுந்தவையும் உண்டு. அவற்றை எடுத்து மீண்டும் மாடியிற் சேர்க்கும் தொண்டர்கள் வேண்டியிருந்தனர். முட்டைக் காலத்திலே பழுதுபார்க்கும் வேலைகளை ஒத்திவைக்கும் கட்டட உரிமையாளர் வேண்டியிருந்தனர். நகர மாந்தர் பலரின் சிறு சிறு பொறுமைகளாலேயே அப்பறவை காக்கப்பட்டது.

இனிப் பால்ற்றிமோருக்கு வருவோம். 1977இல் மேரிலாந்துக் கடலோரத்திலே விடப்பட்ட பெண் வல்லூறு ஒன்று, மறுவருடம் அந்நகரின் காப்புறுதிக் கம்பனிக் கட்டடத்து முப்பத்துமூன்றாம் மாடி விளிம்பைத் தன் இடமாகத் தெரிந்துகொண்டது. மக்கள் அதற்கு ஸ்காலெற் என்று பெயரிட்டனர். வல்லூறு கூடு கட்டுவதில்லை. பரற்கல்லைக் கால்களாற் குழித்து அதிலே முட்டையிடும். ஆகவே விளிம்பிலே பரற்கல் நிரப்பிய தட்டொன்றை வைத்துக் கொடுத்தனர். அதன் முட்டைகள் பொரிக்கவில்லை. கூண்டிற் பிறந்த குஞ்சுகளை அதனருகே வைத்தபோது, தன்னவை போலவே அவற்றை ஊட்டி வளர்த்தது. ஆண்டுகள் பல அவ்வாறு மாற்றான் பிள்ளைகளை வளர்த்த அப்பறவை, 1984இல் தானே வந்து சேர்ந்த ஆண் வல்லூறு ஒன்றுடன் கூடித் தன் சொந்தக் குஞ்சுகளைப் பொரித்தது. இளமையில் றேச்சல் அம்மையார் வறுமையோடு போராடிப் படித்த நகரம் அது. தமக்கையின் பிள்ளைகளையும் மருமகளின் மகனையும் தன் பிள்ளைகளாக வளர்த்தவரை அப்பறவை எனக்கு நினைவூட்டுகின்றது.

1999ஆம் ஆண்டு, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் அமெரிக்கப் பட்டியலிலிருந்து வல்லூறு நீக்கப்பட்டது. அதற்குள் 6,000க்கும் மேற்பட்ட பறவைகள் விடப்பட்டிருந்தன. 1963இல் 417 சோடிகளாகச் சுருங்கியிருந்த வெண்தலைக் கழுகும் 2007இல் அப்பட்டியலை விட்டு நீங்கியது.

இப்பொழுது என் தயக்கத்தைச் சொல்ல வேண்டும். நான் வன்னியிலே குளக்கரைக் கிராமமொன்றிற் பிறந்தவன். என் அம்மம்மா பெற்ற பிள்ளைகளில் இருவரைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. 1934, 35ஆம் ஆண்டுகளில் இந்நாட்டில் மூண்ட மலேரியா ஏறக்குறைய 80,000 உயிர்களைக் குடித்ததென்பதைப் பெரியோர் சொல்லக் கேட்டு வளர்ந்தோம். நான் சிறுவனாயிருந்த காலத்தில், மருந்தடிப்பவர்கள் தோளிலே பம்பியுடன் வருவார்கள். பானை சட்டிகளை முற்றத்துக்கு எடுத்து வைப்போம். மண்சுவரெங்கும் வெள்ளைப் பூச்சாக மருந்து படியும். சில மாதங்களுக்குச் சுவரை மெழுகக் கூடாது என்று சொல்லி, கதவிலே சுண்ணக்கட்டியால் திகதி எழுதிச் செல்வார்கள். அம்மருந்து டி.டி.ரி. அம்மம்மா அதனைக் கும்பிடாத குறை. எங்கள் தலைமுறை உயிரோடிருப்பதில் அதற்கும் பங்குண்டு. அவ்வாறாயின், அம்மருந்தை எதிர்த்தவரை நான் எவ்வாறு போற்றுவது? பறவையைக் காக்க மனிதரைக் கைவிட்டவர் என்று அவரைத் தூற்றுவோர் நம் நாட்டையே உதாரணங் காட்டுவதுமுண்டு.

நானும் அதனை நம்பியதுண்டு. ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தபோதே உண்மை துலங்கிற்று. 1963இல் இலங்கை முழுவதிலும் மலேரியா கண்டவர் பதினேழு பேரே. நோய் ஒழிந்தது என்று எண்ணி மருந்தடிப்பதை நிறுத்தினர்; இரத்தம் எடுத்துச் சோதிக்கும் கண்காணிப்பும் தளர்ந்தது. 1967 முதல் நோய் மீண்டெழுந்து, 1969இல் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பீடித்தது. அமெரிக்கத் தடை வந்ததோ 1972இல். அத்தடையும் நோய்த்தடுப்புக்காக வேறு நாடுகள் அம்மருந்தைப் பயன்படுத்துவதைத் தடுக்கவில்லை. நம் நாட்டிலும் மீண்டும் அதனையே அடித்தனர். பின்னர் நுளம்புகள் அம்மருந்துக்குப் பழகிவிட்டமையால் 1970களின் பிற்பகுதியில் வேறு மருந்துக்கு மாற நேர்ந்தது. கணக்கின்றித் தெளித்தால் பூச்சிகள் மருந்தை வெல்லப் பழகும் என்பதும், அப்பொழுது நோயைத் தடுக்க ஆயுதமில்லாது போகும் என்பதும் றேச்சல் அம்மையார் தம் நூலிலேயே விரித்துரைத்தவை. மருந்தே வேண்டாம் என்று அவர் எழுதவில்லை. அறியாது, அளவின்றி, எங்குந் தூவுவதையே அவர் எதிர்த்தார். மண்வீட்டுச் சுவரிலே அளவோடு பூசுவது வேறு. விமானத்திலேறி வயலும் வாவியும் ஊரும் காடும் நனையத் தெளிப்பது வேறு.

நம் நாட்டிலே மலேரியாவை ஈற்றில் வென்றதும் பொறுமையான கணக்கே. நோயாளி ஒவ்வொருவரையும் தேடி, இரத்தம் சோதித்து, வீடுதோறும் தொடர்ந்து கண்காணித்தனர். 2016ஆம் ஆண்டு செப்ரெம்பரில், இலங்கை மலேரியா அற்ற நாடு என உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. எண்ணுவதை விட்டபோது நோய் வந்தது. எண்ணத் தொடங்கியபோது நோய் போயிற்று. வல்லூற்று மலையிலே குளிரில் அமர்ந்து இளங்கழுகுகளை எண்ணியவரும், எங்கள் கதவிலே சுண்ணக்கட்டியால் திகதி எழுதியவரும் ஒரே பணியைச் செய்தவர்கள் என்றே இன்று எனக்குத் தோன்றுகின்றது. அவ்வெண்களை வாசித்து, அவை சொல்லும் உண்மையை உலகு கேட்குமாறு நல்ல நடையிலே எழுதியதுதான் றேச்சல் கார்சன் அம்மையாரின் தொண்டு.

சிகிரியாவில் என்னை வினவிய மாணவி இன்று ஓர் ஆசிரியை. சென்ற ஆண்டு தன் மாணவரை அழைத்துக்கொண்டு அக்குன்றுக்குச் சென்றதாக எழுதியிருந்தாள். வல்லூறு அங்கேதான் இருக்கின்றது என்றும், கண்ட நாளையும் நேரத்தையும் மாணவர்கள் கொப்பியிலே குறித்துக்கொண்டனர் என்றும் எழுதியிருந்தாள். படித்து மகிழ்ந்தேன்.